மைடாவின் அம்புக்குறி

யெல்வியின் இரண்டு கைகளும் தேநீர்க் கோப்பையைச் சுற்றியிருந்தபோது, முன்மேசையில் மைடாவின் திரையில் அம்புக்குறி நகர்ந்தது.

ஒரு விரற்கடைதான் இருக்கும். இடப்பக்கமாகப் போய் நின்றது. யெல்வி கோப்பையை மேசைமேல் வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள். மடியில், தலைத்துணியின் தொங்கலுக்கு அடியில், அவள் ஒளித்து வைத்திருந்த கம்பியில்லா மவுஸ் வைத்தது வைத்தபடி கிடந்தது. தொடை அசைந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

"உனி, மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா?" மைடா நாற்காலியோடு சுழன்று திரும்பினாள். மினாங் இனத்துப் பெண்களை மரியாதையாக அக்கா என்று கூப்பிடும் சொல் அது. மைடா பத்தாக் இனத்தவள். இருந்தும் முதல் நாளிலிருந்தே யெல்வியை அப்படித்தான் கூப்பிட்டாள்.

"என்னத்த ஆரம்பிச்சேன்?"

"ஒண்ணும் தெரியாத பாப்பா!" மைடாவின் பார்வை கோப்பைமேல் விழுந்தது. "டீ குடிச்சிக்கிட்டே எப்பிடிப் பண்ற? காலாலயா?"

அவள் சிரித்துக்கொண்டே திரும்பிக்கொண்டாள். யெல்வியும் சிரித்தாள். சிரித்து முடித்த பிறகும் அந்த ஒரு விரற்கடை அவள் மனத்தில் முள்ளாக நின்றது.

பெக்கன்பாருவைப் புகை மூடிய மூன்றாவது வாரம் அது. ஊருக்கு வெளியே எங்கோ சதுப்புக் காடு மண்ணுக்கு அடியில் எரிந்துகொண்டிருக்க, அதன் புகை ஈரக் கம்பளியைப்போல நகரத்தின்மேல் இறங்கி, நண்பகலையே மஞ்சளும் செம்மண்ணும் கலந்த ஒரு மங்கலாக ஆக்கியிருந்தது. கடைவீட்டின் இரண்டாம் மாடியில் இருந்த அந்த நில அளவை அலுவலகத்தில் சன்னல் இடுக்குகளில் ஈரத்துணி திணித்திருந்தும் கரிவாசனை உள்ளே வந்து, காகிதத்திலும் முடியிலும் மத்தியானச் சோற்றிலும் ஏறிக்கொண்டது. தெருவில் போகும் மோட்டார் சைக்கிள்கள் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே காதில் விழுந்து, கடந்த பிறகும் வெகுநேரம் எங்கோ உறுமிக்கொண்டிருந்தன.

விளையாட்டு ஆறு வருடப் பழக்கம். மைடாவின் மவுஸுக்கு அடியில் ஒளி வரும் துளையில் காகிதத் துண்டை ஒட்டுவாள் யெல்வி. திரையைத் தலைகீழாகத் திருப்பி வைப்பாள். ஒருமுறை, ஊர்ப் பெயரைத் தட்டினால் 'டுரியான்' என்று பழத்தின் பெயர் விழும்படி செய்து வைத்தாள். மைடா கவனிக்காமல் 'டுரியான் நகராட்சிக்கு' ஒரு கடிதமே அச்செடுத்துக் கொண்டுபோய், முதலாளி பாக் சுல்லின் கையெழுத்துக்கு நீட்டினாள். அன்றைக்கு பாக் சுல் கண்ணில் நீர் வரச் சிரித்தார். எல்லோரையும்விட அதிகம் சிரித்தது மைடாதான். யார் மேலும் கோபம் தங்காத பிறவி அவள்.

அதுதான் யெல்விக்குப் பொறுக்கவில்லை. இந்த வேலைக்கு மைடாவைக் கூட்டிவந்ததே அவள். வரைபடம் போடக் கற்றுக்கொடுத்ததும் அவள்தான். இப்போது சன்னலோர மேசை மைடாவுக்கு. புதுக் கணினி மைடாவுக்கு. நிலம் அளக்க வருகிறவர்கள் படியேறியதும் கேட்பது, "மைடா இருக்காங்களா?" என்றுதான்.

போன வெள்ளிக்கிழமை ஜப்பானிலிருந்து கடிதம் வந்தது. இரண்டு வருடப் பயிற்சி, தங்குமிடம், திரும்பி வந்தால் மேடானில் திறக்கப்போகும் புதுக் கிளையின் பொறுப்பு. இரண்டு பெயர் அனுப்பியிருந்தார் பாக் சுல். ஒன்றைத்தான் எடுத்திருந்தார்கள், மைடாவுடையதை. மாதிரி வரைபடம் ஒன்றை முடித்து, ஒப்புதலோடு இரண்டு வாரத்துக்குள் அனுப்ப வேண்டியதுதான் பாக்கி.

மைடாவை முதலில் கட்டிக்கொண்டது யெல்வி. மைடாவின் கழுத்தில் குழந்தைப் பவுடர் மணத்தது. எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்த அந்த நொடியில், இந்தக் கையை எடுக்காமல் இன்னும் கொஞ்சம் இறுக்கினால் என்ன என்று யெல்விக்குத் தோன்றியது. தோன்றியதும் கையை எடுத்துவிட்டாள். சாயந்தரம் எல்லோருக்கும் அவள்தான் மார்த்தாபாக் பலகாரம் வாங்கிவந்தாள்.

திங்கள் காலை, யாரும் வருவதற்கு முன், தன் கம்பியில்லா மவுஸின் நகம் அளவே இருந்த ரிசீவரை மைடாவின் கணினிப் பெட்டிக்குப் பின்னால் செருகினாள். விளையாட்டுத்தான். அந்த மாதிரி வரைபடம் கொஞ்சம் தாமதமாகட்டும். அவ்வளவுதான்.

முதல் நாள் மைடா போட்ட எல்லைக்கோடு ஆற்றைத் தாண்டி ஓடியது. "பாருங்க, ஆத்துக்குள்ள ஒருத்தருக்குப் பட்டா குடுத்துட்டேன்!" என்று சிரித்தாள். இரண்டாம் நாள் ஒரு மணி நேரத்து வேலை அழிந்தது. மைடா சிரிக்கவில்லை. பற்களுக்கு நடுவே பென்சிலைக் கடித்துக்கொண்டு மறுபடி வரைந்தாள். பின்னாலிருந்து அவள் தோள்கள் குறுகுவதை யெல்வி பார்த்தாள். நாக்கில் பனஞ்சர்க்கரை கரைவதுபோல இருந்தது.

மூன்றாம் நாள்தான் கோப்பையும் கையுமாக இருந்தபோது அம்புக்குறி நகர்ந்தது.

நான்காம் நாள் கணினிகளைக் கவனித்துக்கொள்ளும் ரித்வானை மைடா கூப்பிட்டாள். அவன் படியேறி வருவதற்குள் யெல்வி ரிசீவரைப் பிடுங்கித் தன் கைப்பையின் அடியில் போட்டுக்கொண்டாள். மவுஸின் மின்கலத்தைக் கழற்றிப் பென்சில் பெட்டிக்குள் வைத்தாள்.

ரித்வான் பெட்டியைத் திறந்தான், தூசி ஊதினான், புது மவுஸ் மாட்டினான், வைரஸ் தேடும் நிரலை ஓட்டினான்.

"ஒண்ணும் இல்லையே மைடா. ஜப்பான் போற சந்தோஷத்துல உனக்குத்தான் கை நடுங்குது."

"நடுங்குறது என் கை இல்ல ரித்வான்."

"அப்போ உனியைக் கேளு." அவன் யெல்வியைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டுக் கீழே போனான்.

மைடா கழிவறைக்கு எழுந்து போனாள். அறையில் யெல்வி மட்டும். மின்விசிறி கரகரத்தது. மைடாவின் திரையில் ஜப்பானுக்கான விண்ணப்பம் திறந்திருந்தது. மூலையில் வெள்ளைப் பின்னணியில் அவளுடைய கடவுச்சீட்டுப் படம். காதுகள் தெரிய, சிரிக்காமல்.

அம்புக்குறி நகர்ந்தது.

யெல்வியின் கைகள் மேசைமேல் விரிந்திருந்தன. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அது பதறி ஓடவில்லை. எழுத்துக்கூட்டிப் படிக்கிறவரின் விரலைப்போலப் பெயரின்மேல் போயிற்று, பிறந்த தேதியின்மேல் போயிற்று, முகவரியின் ஒவ்வொரு சொல்லின் அடியிலும் நின்று நின்று போயிற்று. பிறகு படத்துக்கு வந்தது. மைடாவின் முகத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டது. இன்னொரு வட்டம், கொஞ்சம் சிறியதாக. அதற்குள் இன்னொன்று. கடைசியில் இடது கண்ணின் நடுவில் வந்து குத்தி நின்றது.

யெல்வி கைப்பையை மடிமேல் இழுத்தாள். பைக்குள் கையை விட்டுத் துழாவினாள். ரிசீவர் இருந்தது. பென்சில் பெட்டியைக் குலுக்கினாள். மின்கலம் உள்ளே உருண்டது.

அப்போதே எழுந்துபோய்க் கணினியின் கம்பியைப் பிடுங்கியிருக்கலாம். மைடாவிடம் எல்லாவற்றையும் கொட்டியிருக்கலாம். யெல்வி அசையவில்லை. பயத்துக்கு அடியில், மண்ணுக்குள் எரியும் நெருப்புப்போல, இன்னொன்று கனன்றது. எதுவோ அது, மைடாவைத்தானே பார்க்கிறது. என்னை இல்லையே.

அடுத்த நாள் மைடா வேலை செய்யவே இல்லை. மத்தியானம் ரித்வானும் பாக் சுல்லும் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் போனதும், நாற்காலியை இழுத்துக்கொண்டுவந்து யெல்வியின் முன்னால் உட்கார்ந்தாள். முகக்கவசத்தைக் கீழே இறக்கினாள். உதடுகள் வெடித்திருந்தன.

"உனி, ஒண்ணு கேக்கணும். நான் கோவப்பட மாட்டேன். நிஜமா."

"கேளு."

"அந்த அம்பை நகத்துறது நீதானே?"

யெல்வி பென்சில் பெட்டியைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள்.

"நீதான்னு சொல்லிடு. போதும். நான் சிரிச்சிட்டுப் போயி படத்த முடிச்சிருவேன். மூணு நாளா தூக்கமில்ல உனி. நேத்து அது என் அம்மா பேரைத் தேடிப் பாத்துச்சு. நான் கையைத் தூக்கி மார்ல வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன், அது தேடுது. நீதான்னு சொன்னா எனக்கு எல்லாம் சரியாயிரும்."

நான்தான் என்று ஒரு சொல். முதல் இரண்டு நாளைக்கு அது உண்மையும்கூட. சொன்னால் மைடா அவள் முதுகில் ஓர் அறை அறைவாள், பெருமூச்சு விடுவாள், இன்றிரவு தூங்குவாள், நாளைக்கு வரைபடத்தை முடிப்பாள். விமானம் ஏறுவாள்.

"நான் இல்லடி," என்றாள் யெல்வி.

"விளையாடாத உனி."

"எங்க அம்மா மேல சத்தியமா. நேத்து அதை நகத்தினது நான் இல்ல."

பொய் இல்லை அது. ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அதனாலேயே அதைச் சொல்வது அத்தனை சுலபமாக இருந்தது. மைடாவின் முகத்திலிருந்து நிறம் இறங்குவதை, துணியிலிருந்து தண்ணீர் வடிவதைப் பார்ப்பதுபோல, யெல்வி பொறுமையாகப் பார்த்தாள்.

"சரி," என்றாள் மைடா. நாற்காலியைத் திரும்ப இழுத்துப்போகக்கூட இல்லை. அதை அங்கேயே விட்டுவிட்டு நடந்து போனாள்.

திங்கட்கிழமை மைடா வரவில்லை. ஜப்பானுக்குத் தன்னால் போக முடியாது, வேலையையும் விடுகிறேன் என்று பாக் சுல்லுக்கு வெள்ளிக்கிழமை சாயந்தரமே மெயில் வந்திருந்தது. இரண்டே வரி. மறுநாளே தாருத்துங்கில் இருக்கும் அப்பா அம்மாவிடம் போய்விட்டாளாம்.

"என்ன ஆச்சு அந்தப் பொண்ணுக்கு? உங்கிட்ட ஏதாச்சும் சொன்னாளா?" என்று கேட்டார் பாக் சுல்.

"இல்லையே பாக் சுல்."

"ஃபோனும் எடுக்க மாட்டேங்குறா. பாவம். சரி, இடத்தை வீணாக்க வேணாம். நீ போறியா யெல்வி? மாதிரிப் படம் அவ கணினியிலதான் இருக்கு. நீயே முடிச்சு, உன் பேருல விண்ணப்பத்த அனுப்பிடு. புதன்கிழமைக்குள்ள."

யெல்வி தயங்குவதுபோலக் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தாள். பிறகு தலையசைத்தாள்.

அன்றே சன்னலோர மேசைக்கு மாறினாள். ஒருநாள் முழுக்க அம்புக்குறியைக் கண்காணித்தாள். அவள் நகர்த்தினால் நகர்ந்தது, நிறுத்தினால் நின்றது. அது மைடாவோடு போய்விட்டது என்று முடிவு செய்தாள். அவளைத்தானே பார்த்தது. இரவு வீட்டில் அம்மா தட்டில் இரண்டு துண்டு ரெண்டாங் இறைச்சி கூடுதலாக வைத்தாள்.

புதன்கிழமை மூன்று மணிக்கு வானம் செங்கல் நிறத்துக்கு இறங்கியது. எதிர்க்கடையின் பெயர்ப்பலகை மறைந்தது. பிறகு எதிர்க்கடையே மறைந்தது. ரித்வான் அளவைக்குப் போயிருந்தான். பாக் சுல் கீழ்த்தளத்தில் யாரோடோ பேசுவது, குரலாக இல்லாமல் தரையின் அதிர்வாகக் கேட்டது. யெல்வி வரைபடத்தை முடித்துவிட்டிருந்தாள். விண்ணப்பத்தில் தன் பெயர், தன் பிறந்த தேதி, தன் படம். அனுப்பு என்ற பொத்தான் மட்டும் மீதி.

கைபேசி ஒலித்தது. மைடா.

"உனி, நல்லா இருக்கியா?"

"நான் நல்லாத்தான் இருக்கேன். நீ?"

"இங்க வந்தப்புறம் தூங்குறேன். அம்மா பக்கத்துலயே படுத்துக்குறாங்க." மறுமுனையில் ஒரு கோழி கொக்கரித்தது. "நீ எந்த மேசையில உக்காந்திருக்க?"

"ஏன்?"

"சும்மா சொல்லு."

"உன்னோடதுதான்."

மறுமுனையில் ஒரு கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"எந்திரிச்சிடு உனி."

"என்னடி இது…"

"அம்பு நகந்ததுக்கா நான் ஊருக்கு ஓடி வந்தேன்னு நெனக்கிற? அதெல்லாம் தாங்கிக்கிட்டேன். வெள்ளிக்கிழமை நீ சத்தியம் பண்ணினியே, அன்னிக்கு சாயந்தரம் படத்த எப்பிடியாச்சும் முடிச்சிரலாம்னு உக்காந்தேன். மவுஸ் மேல கையை வச்சேன். என் கை மேல இன்னொரு கை வந்து உக்காந்துச்சு."

"யாரோட கை?"

"கண்ணுக்குத் தெரியல. கனம் மட்டும் இருந்துச்சு. என் விரல்களுக்கு நடுவுல தன் விரல்களக் கோத்துக்கிட்டுச்சு. பாக் சுல்லுக்குப் போன மெயில் நான் எழுதினது இல்ல உனி. என் கைதான் எழுதுச்சு. நான் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன்."

யெல்வி படிக்கட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பயத்தையும் முந்திக்கொண்டு ஒரு கணக்கு அவளுக்குள் ஓடியது. இவளாக விலகவில்லை. இது வெளியே தெரிந்தால்?

"யார்கிட்டயாச்சும் சொன்னியா?"

"யாரு நம்புவா? உங்கிட்டதான் சொல்றேன்." மைடா குரலைத் தாழ்த்தினாள். "எனக்குப் போகணும்னுதான் இருக்கு உனி. வேற மேசையில, வேற கணினியில உக்காந்து முடிச்சுக் குடுக்குறேன். இப்பக் கேட்டா பாக் சுல் ஒத்துக்குவாரா?"

யெல்வி திரையைப் பார்த்தாள். அனுப்பு.

"லேட்டாயிடுச்சு மைடா. என் பேரு காலையிலயே போயிடுச்சு."

"ஓ." மைடா மூக்கை உறிஞ்சினாள். "அப்போ சரி. நீயாச்சும் போயிட்டு வா. ஆனா அந்த மேசையில மட்டும் உக்காராத. சரியா?"

அழைப்பு முடிந்தது. யெல்வி கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள். ஒரே ஒரு அழுத்தம். அதற்குப் பிறகு எழுந்துவிடலாம். மவுஸின்மேல் கையை வைத்தாள்.

மவுஸ் வெதுவெதுப்பாக இருந்தது. யாரோ இப்போதுதான் கையை எடுத்ததுபோல.

அம்புக்குறி பொத்தானை நோக்கிப் போயிற்று. பாதி வழியில் நின்றது. அவள் தள்ளினாள். நகரவில்லை.

கையின்மேல் ஏதோ அமர்ந்தது.

முதலில் எடை. பிறகு சூடு. பிறகு விரல்கள். ஒவ்வொன்றாக. அவளுடைய விரல்களுக்கு இடையில் வழி தேடி, இறங்கி, பொருந்தின. அவள் குனிந்து பார்த்தாள். கையின்மேல் எதுவும் இல்லை. தோல் மட்டும் நான்கு கோடுகளாக உள்ளே அமுங்கியிருந்தது. மணிக்கட்டின் உட்புறத்தில், நாடி துடிக்கும் இடத்தில், ஒரு வட்டக் குழி. கட்டைவிரல்.

இழுத்தாள். வரவில்லை.

பாக் சுல் என்று கத்த வாயைத் திறந்தாள். புகை தொண்டையில் அடைத்தது. காற்றுதான் வந்தது.

அம்புக்குறி பொத்தானை விட்டு விலகியது. மெதுவாக, அவசரமே இல்லாமல், ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறந்தது.

அப்போது மின்சாரம் போயிற்று. விசிறி தேய்ந்து நின்றது. திரை கறுத்தது. இனி ஒன்றுமில்லை, எல்லாம் நின்றுவிட்டது என்று யெல்வி நினைத்தாள்.

இடது கையின் தோல் அமுங்கியது.

இரண்டு கைகளும் தூக்கப்பட்டன. விசைப்பலகைமேல் வைக்கப்பட்டன. விரல்கள் தட்டத் தொடங்கின. இருட்டான திரைக்கு முன்னால், செத்த கணினியில், சீராக, தப்பில்லாமல். டக். டக். டக். டக்.

கீழே பாக் சுல் சிரிப்பது கேட்டது.

"கரன்ட் போயும் விட மாட்டியா யெல்வி? அப்பிடி என்னத்தம்மா தட்டுற?"

சன்னலின் செங்கல் வெளிச்சம் விசைகளின்மேல் விழுந்தது. தன் விரல்கள் எந்தெந்த எழுத்தில் இறங்குகின்றன என்று அவளுக்குத் தெரிந்தது. முதல் சொல் தெரிந்தது: நான்தான். இரண்டாவது சொல் தெரிந்தது. மூன்றாவதைப் படிக்க அவள் விரும்பவில்லை. கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

கைகள் தட்டிக்கொண்டே இருந்தன.

மூடிய இமைமேல், மிகவும் மெதுவாக, ஒரு விரல் வந்து படிந்தது. அதை மேலே தள்ளித் திறந்தது.